குழித்துறை: இரண்டு அரசுகளை நினைவில் வைத்திருக்கும் ஆற்றங்கரை

தாமிரபரணி என்றதும் நெல்லையைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் தாமிரபரணி வேறு. பேச்சிப்பாறை வழியாக வரும் கோதையாறும் பெருஞ்சாணி வழியாக வரும் பறளியாறும் திருவட்டாற்றுப் பக்கம் ஒன்றுகூடி, குழித்துறையைத் தொட்டுக்கொண்டு மேற்கே ஓடி, தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலைச் சேர்கின்றன. ஊர்க்காரர்கள் குழித்துறை ஆறு என்றே சொல்வார்கள். விளவங்கோடு வட்டத்தின் தலைமையிடமான குழித்துறை ஒரு சிறு நகராட்சி. மார்த்தாண்டம் என்று வெளியுலகம் அறிந்திருக்கும் கடைத்தெருவும் அதற்குள்தான் இருக்கிறது. பேருந்தில் ஏறினால் அரை மணி நேரத்தில் களியக்காவிளை வந்துவிடும், அதைத் தாண்டினால் கேரளம்.

1956 நவம்பர் 1 வரை அந்த எல்லை அங்கே இல்லை. குழித்துறை திருவிதாங்கூரில் இருந்தது, பிறகு சில ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது, அதன்பின் தமிழ்நாட்டுக்கு வந்தது. இந்த வரலாற்றுக்கு இப்பகுதியில் நினைவுத் தூண்களும் சிலைகளும் உண்டு. அவற்றுக்கு ஆண்டுதோறும் மாலையும் விழுகிறது. ஆனால் அவை ஊரின் நினைவில் ஒரு பங்கைத்தான் சொல்கின்றன என்பதும், மிச்சப் பங்கு கல்லிலும், கடவு என்று நாங்கள் சொல்லும் ஆற்றுப் படித்துறையிலும், வீட்டுப் பெட்டிகளிலும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்பதும் பல ஆண்டுகளாக என் மனத்தில் இருக்கும் எண்ணம்.

முதலில் அந்தத் தூண்கள் சொல்லும் கதை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில், திருவிதாங்கூரின் தென் வட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள் தங்கள் பகுதியைச் சென்னை மாநிலத்தோடு இணைக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். பள்ளிப் படிப்பு, அரசு வேலை, நீதிமன்றக் கச்சேரி விவகாரம் என்று எதற்குப் போனாலும் மலையாளமே முன்னால் நின்றது என்பது ஒரு காரணம். அரசு அலுவலகங்களிலும் நிலத்திலும் ஆதிக்கம் செலுத்திய சாதிகள் மீது மற்றவர்களுக்கு இருந்த நெடுநாள் கசப்பு இன்னொரு காரணம். இரண்டாவதைப் பற்றி விழா மேடைகளில் யாரும் பேசுவதில்லை, ஆனால் அதை விட்டுவிட்டால் போராட்டம் விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் ஏன் அவ்வளவு சூடாக நடந்தது என்பது விளங்காது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற கட்சி இந்தக் கோரிக்கையை முன்னெடுத்தது. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலுள்ள பள்ளியாடியில் 1895-ஆம் ஆண்டு பிறந்த வழக்கறிஞர் ஏ. நேசமணி அதன் முகமானார். மார்ஷல் நேசமணி என்றும் குமரித் தந்தை என்றும் இன்று சொல்கிறோமே, அவர்தான். 1948-ஆம் ஆண்டு மங்காட்டிலும் கீழ்க்குளத்திலும் நடந்த மோதலில் போலீஸ் துப்பாக்கிக்கு மங்காடு தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையனும் பலியானார்கள். மங்காடு இதே ஆற்றின் கரையிலுள்ள ஊர்.

பெரிய துயரம் 1954-இல் வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு பட்டம் தாணுபிள்ளை தலைமையில் பிரஜா சோசலிஸ்ட் கட்சி திருவிதாங்கூர்-கொச்சியில் ஆட்சி அமைத்தது. தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் மீதான கெடுபிடியை எதிர்த்துச் சென்ற தலைவர்கள் கைதானார்கள். அதன் தொடர்ச்சியாக ஆகஸ்ட் 11-ஆம் நாளை விடுதலை நாளாக அறிவித்துத் தென் வட்டங்களில் கடையடைப்பும் ஊர்வலமும் நடத்தினார்கள். அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பலர் இறந்தார்கள். மார்த்தாண்டத்துக்கு அப்போது தொடுவெட்டி என்று பெயர். எங்கள் பாட்டா கடைசிவரை தொடுவெட்டி என்றுதான் சொன்னார். அந்த நாளைப் பற்றிக் கேட்டால் அவர் அரசியல் பேசமாட்டார். "அன்னைக்குத் தொடுவெட்டிப் பக்கம் போனவங்க ஒருத்தரும் பொழுது சாய்ற வரைக்கும் திரும்பி வரல்ல மக்களே, அம்மைமாரெல்லாம் கடவுல வந்து நின்னுக்கிட்டு இருந்தாவ" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இந்தத் துப்பாக்கிச் சூடு தில்லி வரை ஓர் அதிர்வை உண்டாக்கியது என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளிலேயே பலர் அறியமாட்டார்கள். அப்போது பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்தவர் ராம் மனோகர் லோகியா. சுதந்திர நாட்டில் தன் குடிமக்கள் மீது சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று அவர் தம் கட்சியின் முதலமைச்சரிடமே கேட்டார். தாணுபிள்ளை விலகவில்லை. அந்தப் பிளவு பெருகி, லோகியா கட்சியை விட்டு வெளியேறித் தனியாகச் சோசலிஸ்ட் கட்சி காணும் அளவுக்குப் போனது. 1955 தொடக்கத்தில் அந்த அமைச்சரவையும் கவிழ்ந்தது. ஆளுங்கட்சி தன் ஆட்சியையே கேள்வி கேட்ட அரிய நிகழ்ச்சி ஒன்றின் காரணம் இந்த ஆற்றங்கரைச் சந்தைத் தெருக்களில் இருக்கிறது. ஆகஸ்ட் 11 கூட்டங்களில் லோகியாவின் பெயரைச் சொல்லக் கேட்ட நினைவு எனக்கு இல்லை.

மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. ஆணையத்தின் மூவரில் ஒருவர் மலையாளியான கே. எம். பணிக்கர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குச் செல்லலாம் என்றது அறிக்கை. நான்கு வட்டங்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் பெரும்பகுதி நெல்லை மாவட்டத்தோடு சேர்ந்தது. கேட்டவை எல்லாம் கிடைக்கவில்லை. தேவிகுளமும் பீர்மேடும் நெய்யாற்றின்கரையும் சித்தூரும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. களியக்காவிளைக்கு அப்பால் பாறசாலையில் அதே நவம்பர் 1 கேரளப் பிறவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. இங்கே தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாளாகக் கொண்டாடுகிறோம். அங்கே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுக்கு உறவினர் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படித்து, வீட்டில் எங்களைப் போலவே பேசுகிறார்கள்.

நேசமணிக்கு நாகர்கோவிலில் மணிமண்டபம் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் 1964-இல் தொடங்கப்பட்ட நேசமணி நினைவுக் கிறித்தவக் கல்லூரி இருக்கிறது. அவர் இறந்தது 1968 ஜூன் 1 அன்று, நாகர்கோவில் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும்போது. அந்தக் காலியிடத்துக்கு 1969-இல் நடந்த இடைத்தேர்தலில்தான் காமராசர் நாகர்கோவிலில் நின்று வென்றார். என் தலைமுறைக்கு நேசமணியின் பெயர் வேறொரு வழியில் பழக்கம்: மாவட்டத்தில் ஓடிய அரசுப் பேருந்துகள் நேசமணி போக்குவரத்துக் கழகம் என்ற எழுத்தைத் தாங்கியிருந்தன. 1997-இல் தமிழ்நாடெங்கும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டபோது அதுவும் போனது. சாதிக் கலவரங்களை ஒட்டி எடுத்த முடிவு அது. எனக்கு அதில் மனக்குறை இல்லை. ஆனால் தினமும் ஆயிரம் பேர் ஏறி இறங்கும் பேருந்தில் இருந்த பெயர், ஆண்டுக்கு இரண்டு முறை கதவு திறக்கும் மண்டபங்களுக்குள் போய்விட்டது.

புதுக்கடையில் தியாகிகளுக்கு நினைவுத் தூண் உண்டு. ஆகஸ்ட் 11 அன்று கட்சிகள் வரிசையாக வந்து மாலையிடும். பொதுவாக நம் ஊர் நினைவுச் சின்னங்களைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் ஆகியோரின் பெயர்கள் பளிங்கில் பெரிய எழுத்தில் இருக்கும். எதற்காக, எந்தச் சூழலில், எந்தத் தெருவில் நடந்தது என்று நான்கு வரி இருக்காது. வெளியூரிலிருந்து வந்து தூணின் முன் நிற்கும் ஒருவர் ஒன்றும் தெரியாமலே திரும்பிப் போகலாம். அரசு நவம்பர் 1-ஐ எல்லைப் போராட்டத் தியாகிகளின் நினைவு நாளாகக் கொண்டாடத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி. அந்தச் செலவில் ஒரு சிறு பங்கை இந்த நான்கு வரிகளுக்கு ஒதுக்கினால் போதும்.

இனி, தூண்கள் சொல்லாத கதைக்கு வருகிறேன். புதுக்கடைக்கு அருகிலேயே பார்த்திவபுரம் இருக்கிறது. அமைதியான சிறு விஷ்ணு கோயில். ஆய் குல மன்னன் கோக்கருநந்தடக்கன் இங்கே கோயிலோடு ஒரு கல்விச் சாலையையும் ஏற்படுத்தினான். அதற்கான செப்பேட்டில் கலியுக நாள் 14,49,087 என்று நாள்கணக்கே குறிக்கப்பட்டிருப்பதால், ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது: கி.பி. 866. முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இந்த இடத்தை மன்னன் வாங்கினான் என்பதும், காந்தளூர்ச் சாலை என்ற இன்னொரு கல்விச் சாலையின் ஒழுங்குப்படி இச்சாலை நடக்க வேண்டும் என்பதும், 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், இங்கே தங்கிப் படிக்கலாம் என்பதும் அதில் இருக்கின்றன. பவிழியர் 45, தைத்திரியர் 36, தலவகாரர் 14 என்று வேதப் பிரிவுவாரியாக இடங்கள் பங்கிடப்பட்டிருக்கின்றன. இட ஒதுக்கீட்டைப் பற்றி வாதிடும் நண்பர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்ப்பதுண்டு, யாரும் ரசித்ததில்லை. மன்னனே வந்தாலும் ஊர்ச்சபையிடமிருந்து நிலத்தைப் பறிக்காமல் மாற்றுக் கொடுத்து வாங்கிய செய்தி எனக்கு அந்தக் கோயிலைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. அந்தச் செப்பேடு திருவனந்தபுரம் ஹுஸூர் கச்சேரியில் இருந்ததால் ஹுஸூர் அலுவலகச் செப்பேடு என்றே அறிஞர்கள் குறிக்கிறார்கள். இங்கே எழுதிய தமிழ் அங்கே போய்ப் பெயர் வாங்கியிருக்கிறது.

ஆற்றுக்கு வடகிழக்கே சிதறால் மலை. சமணர் குடைவரையும் பாறையில் வடித்த தீர்த்தங்கரர்களும் உள்ள இடம். பிற்காலத்தில் பகவதி கோயிலாகி, இன்றும் வழிபாடு நடக்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று, அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணத் துறவி, பட்டாரியார் என்ற அவ்விடத்துத் தேவிக்குப் பொற்பூ அளித்ததைச் சொல்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த ஆற்று நாட்டில் ஒரு பெண் ஆசிரியராகவும் கொடையாளியாகவும் இருந்து, தன் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் கல்லில் விட்டுச் சென்றிருக்கிறார். அவருக்குச் சிலை வேண்டாம். பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு பத்தி போதும்.

இன்னொன்று, நடந்து போகும் நினைவுச் சின்னம். நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரம் அரண்மனையின் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் யானையிலும் பல்லக்கிலுமாகத் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். பத்மநாபபுரத்தில் அரசவாள் கைமாறுகிறது. முதல் இரவு தங்கல் எங்கள் குழித்துறை மகாதேவர் கோயிலில். மறுநாள் களியக்காவிளையில் இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செய்ய எல்லையைக் கடந்து நெய்யாற்றின்கரைக்குப் போகிறார்கள். தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியதன் நினைவு இது. அரசு போய், மன்னர் போய், மாநிலமும் மாறிய பிறகும் ஊர்வலம் நிற்கவில்லை. எல்லைப் போராட்டத்தில் சிறை சென்ற குடும்பங்களிலிருந்தும் அன்று சாலையோரத்தில் குத்துவிளக்கு ஏற்றி வைத்து நிற்பவர்கள் உண்டு. இதில் ஒரு முரண்பாடும் அவர்களுக்குத் தெரிவதில்லை, எனக்கும் தெரியவில்லை. திருவிதாங்கூர் அரசை எதிர்த்தவர்கள் அந்த நாட்டின் சாமிகளை எதிர்க்கவில்லை.

பழைய சாலைகளில் நடந்தால் இன்னும் சில இடங்களில் சுமைதாங்கிக் கல் தென்படும். நிமிர்ந்த இரண்டு கல்தூண்கள், அவற்றின் மேல் குறுக்காக ஒரு கற்பலகை, உயரம் ஏறத்தாழ ஓர் ஆளின் தோள் மட்டம். தலைச்சுமையோடு வருபவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையைப் பலகை மேல் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ளலாம். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவந்த பெண்களும், மரச்சீனிக் கிழங்கும் ஏத்தன் குலையும் சுமந்து சந்தைக்குப் போனவர்களும் இதில்தான் இளைப்பாறினார்கள். கருவுற்றிருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கிவைக்காத சுமைக்காக வீட்டார் இதை நட்டு வைப்பது வழக்கம். சில கற்களில் கொல்லம் ஆண்டு வெட்டியிருப்பார்கள். 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வந்துவிடும். பெரும்பாலானவற்றில் எழுத்தே கிடையாது. நான் அடிக்கடி கடந்து போகும் ஒன்றில் இப்போது பலகையின் மேல் திருமண வாழ்த்துத் தட்டி கட்டியிருக்கிறார்கள். தூண்களில் சுண்ணாம்பும் கட்சி வண்ணமும் மாறிமாறி ஏறி, கல்லின் நிறமே மறைந்துவிட்டது. சாலை அகலப்படுத்தும்போது முதலில் பெயர்ப்பது இவற்றைத்தான், ஏனென்றால் உரிமை கோரி வர ஆள் இல்லை. என்னைக் கேட்டால், இப்பகுதியின் மிக நேர்மையான நினைவுச் சின்னம் இதுவே. யாரோ ஒருத்தி இறந்ததற்கு, முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குத் தோள் வலி குறைந்தது.

ஆற்றின் மேல்பகுதியில், 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையின் பக்கத்தில், அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை இருக்கிறது. அணை பார்க்கப் போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள்.

ஊரே கூடி நினைக்கிற நாள் என்றால் அது ஆடி அமாவாசை. எங்கள் வழக்கில் வாவுபலி. தென்மேற்குப் பருவமழையில் ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடும். சப்பாத்து என்று நாங்கள் சொல்லும் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறியிருந்தால் அந்த வழியை அடைத்திருப்பார்கள். விடியும் முன்பே மகாதேவர் கோயில் பக்கத்துக் கடவில் கூட்டம் சேர்ந்துவிடும். ஈர வேட்டியோடு வரிசையாக உட்கார்ந்தவர்களின் முன்னால் வாழை இலை, பச்சரிசி, எள், பூ, விரலில் தருப்பை. பலி வைத்த இலையைத் தலையில் ஏந்தி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பின்னால் விட்டுவிட்டு முங்கி எழுவார்கள். சடங்கைச் சொல்லித்தருபவர் பக்கத்துப் பக்கத்து ஆட்களுக்கு ஒருவருக்குத் தமிழிலும் இன்னொருவருக்கு மலையாளத்திலும் சொல்லிக்கொண்டே போவார். எல்லைக்கு அப்பாலிருந்தும் வருவார்கள் என்பதால் அப்படி.

பலி முடிந்தவர்கள் நேரே பொருட்காட்சிக்குப் போவார்கள். நகராட்சி ஆண்டுதோறும் நடத்தும் வாவுபலிப் பொருட்காட்சியில் ராட்டினமும் அப்பளமும் இருந்தாலும் அதன் உயிர் விவசாயம்தான்: தென்னை, மா, பலா, கமுகு நாற்றுகள், கிழங்கும் வாழைக்குலையும். முன்னோருக்குப் பலி கொடுத்த கையோடு ஒரு மரக்கன்று வாங்கி வந்து நடுவது எங்கள் வீட்டில் வழக்கம். பாட்டா நட்ட வரிக்கைப் பலா இன்னும் காய்க்கிறது. பொருட்காட்சி மதம் பார்ப்பதில்லை. பலி கொடுக்காத கிறித்தவரும் முஸ்லிமும் கன்று வாங்க வருகிறார்கள்.

இந்தப் பொருட்காட்சியில் எனக்கு ஒரு கடை வேண்டும். அதில் வைக்க வேண்டியவை எங்கள் ஒவ்வொருவர் வீட்டு இரும்புப் பெட்டியிலும் இருக்கின்றன. 1956-க்கு முந்தைய நில ஆதாரங்களில், அதாவது பத்திரங்களில், மிகப்பல மலையாளத்தில் எழுதியவை. மேலே திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரை, நாள் கொல்லம் ஆண்டில். தமிழுக்காகச் சிறை போனவர்களின் சொத்துப் பத்திரங்களும் அப்படித்தான். எங்கள் தலைமுறையில் அதை வாசிக்கத் தெரிந்தவர் மிகக் குறைவு. சொத்து வழக்கு வந்தால், அந்தக் காலத்துக் கையெழுத்தை வாசிக்கும் வயதான குமாஸ்தா ஒருவரைக் கச்சேரி வாசலில் தேடிப் பிடிக்கிறோம், வேலை முடிந்ததும் பெட்டியை மூடிவிடுகிறோம். அந்தப் பத்திரங்களில் எல்லை சொல்லும் இடத்தில் பழைய கடவுகளின் பெயர்களும், இல்லாமல் போன குளங்களும், ஏலா எனப்படும் வயல்வெளிகளும், பாதைகளும், பக்கத்து நிலத்துக்காரரின் சாதியும் தொழிலும் இருக்கின்றன. இந்த ஊருக்கு அதைவிட விரிவான வரலாறு வேறெங்கும் எழுதப்படவில்லை.

எங்கள் குடும்பத்து ஆதாரங்களை நான் ஒளிநகல் எடுத்து, பாறசாலையில் இருக்கும் அத்தையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அத்தை மலையாளப் பள்ளியில் படித்தவர், எண்பதைத் தாண்டியவர். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் இப்படிப் பத்திரம் வைத்திருப்பவர்கள், வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். கைவசம் நகல் உள்ளவர்கள் அடுத்த வாவுபலிக்குள் என்னோடு சேர்ந்தால், கடைக்கு இடம் கேட்டு நகராட்சியில் மனு கொடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.